எல்க் வேட்டைக்கு மின்சைக்கிளும் டிரெய்லரும்: திரும்பும் சுமையைக் கொண்டு திட்டமிடுதல்

மின்சைக்கிளை வேட்டைக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது, அது காட்டுக்குள் எவ்வளவு தூரம் ஓடும் என்பதைத்தான். அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரில் எல்க் என்னும் பெரிய மானை வேட்டையாடப் போகிறவர் அதைவிடச் சுமையோடு எவ்வளவு தூரம் திரும்ப முடியும் என்பதை முதலில் கணக்கிட வேண்டும். வளர்ந்த ஆண் எல்க் உயிரோடு 300 கிலோவுக்கு மேல் எடை நிற்கும். எலும்பு நீக்கிய பிறகும் இறைச்சி ஏறத்தாழ 90 முதல் 110 கிலோ வரை தேறும். முதுகில் சுமந்தால் இது தனியாளுக்கு மூன்று அல்லது நான்கு நடை. மின்சைக்கிளின் உண்மையான பயன் இந்த நடைகளைக் குறைப்பதில்தான் இருக்கிறது. ஆகவே மோட்டார், பேட்டரி, டிரெய்லர், பிரேக் ஆகிய எல்லாவற்றையும் இறைச்சியோடு இறங்கிவரும் அந்தப் பயணத்தை மனத்தில் வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருப்பதால், இங்கே சொல்லப்படுவது அமெரிக்காவில் உரிமம் பெற்று வேட்டையாடுவோருக்கு மட்டுமே உரியது. அங்கும் உரிமம் எளிதில் கிடைத்துவிடாது. உதாரணமாகக் கொலராடோவில், 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர் வேட்டைக் கல்விச் சான்றிதழ் வைத்திருந்தால்தான் உரிமம் வாங்க முடியும்.

எந்தப் பாதையில் ஓட்டலாம்

வாங்குவதற்கு முன்பே தீர்க்க வேண்டிய கேள்வி இது. பலரும் இதை வாங்கிய பிறகே கேட்கிறார்கள். அமெரிக்க மாநிலங்களில் பெரும்பாலானவை மின்சைக்கிளை மூன்று வகையாகப் பிரிக்கின்றன. மிதித்தால் மட்டும் உதவி, மணிக்கு 20 மைல் (32 கி.மீ.) வரை என்பது முதல் வகை, அதே வேகம் வரை, மிதிக்காமலும் திராட்டிலால் (ஆக்சிலரேட்டரால்) ஓடுவது இரண்டாம் வகை, மிதித்தால் மட்டும் உதவி, 28 மைல் (45 கி.மீ.) வரை என்பது மூன்றாம் வகை. மூன்றுக்கும் மோட்டாரின் திறன் பொதுவாக 750 வாட்டைத் தாண்டக் கூடாது. வேட்டைக்கென்று விளம்பரப்படுத்தப்படும் வண்டிகள் சிலவற்றில் 1,000 வாட் மோட்டார் இருக்கிறது. அது சட்டத்தின் கண்ணில் பெரும்பாலும் சைக்கிளாக இருக்காது என்பதைக் கடைக்காரர் நினைவூட்டப் போவதில்லை.

நிலம் யாருடையது என்பதைப் பொறுத்து விதி மாறும். தேசியக் காடுகளை நிர்வகிக்கும் அமெரிக்க வனத்துறை மின்சைக்கிளை மோட்டார் வாகனமாகவே கருதுகிறது; அந்தத் துறை வெளியிடும் மோட்டார் வாகனப் பயன்பாட்டு வரைபடத்தில் திறந்திருப்பதாகக் குறிக்கப்பட்ட சாலைகளிலும் தடங்களிலும் மட்டுமே அதை ஓட்டலாம். நில மேலாண்மைப் பணியகத்தின் நிலங்களில், 2020ஆம் ஆண்டு விதியின்படி, மோட்டாரில்லாத் தடங்களில் மின்சைக்கிளை அனுமதிக்க உள்ளூர் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. அதிகாரி அனுமதிக்கும் வரை அந்தத் தடம் மூடியதாகவே கொள்ள வேண்டும். 1964ஆம் ஆண்டுச் சட்டத்தால் வில்டர்னஸ், அதாவது இயற்கை நிலையிலேயே விடப்பட்ட காட்டுப்பகுதி, என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் சாதாரணச் சைக்கிளுக்குக்கூட இடமில்லை. டிரெய்லரைக் கழற்றிக் கைவண்டியாகத் தள்ளிச் செல்வதும் அங்கே குற்றமே, ஏனென்றால் எந்த இயந்திரப் போக்குவரத்தும் கூடாது என்பதே சட்டத்தின் வாசகம்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. இரும்புக் கதவு போட்டு மூடிய பழைய மரவெட்டுச் சாலைகள்தான் மின்சைக்கிளும் டிரெய்லரும் மிகச் சிறப்பாக ஓடக்கூடிய இடம்; வனத்துறை நிலத்தில் அந்தக் கதவு பெரும்பாலும் மோட்டார் வாகனங்களைத் தடுக்கவே போடப்பட்டது. கதவின் ஓரத்தில் நடப்போர் புகும் சந்து இருப்பதை அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐடஹோ போன்ற மாநிலங்களில், நிலத்துறையின் விதிக்கு மேலே, சில வேட்டை வட்டாரங்களில் மோட்டார் வாகனத்தை வேட்டைக்குத் துணையாகப் பயன்படுத்துவதை மாநில வேட்டைத் துறை தனியாகக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே நில நிர்வாகத்தின் வரைபடம், மாநிலத்தின் அந்தந்த ஆண்டு வேட்டைக் கையேடு ஆகிய இரண்டையும் பார்த்து, ஐயம் இருந்தால் அந்த வட்டார அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசித் தெளிவுபெற்ற பின்னரே பாதையைத் தீர்மானிக்க வேண்டும்.

மோட்டாரும் பேட்டரியும்

சுமை இழுக்க மிட் டிரைவ் மோட்டாரையே பரிந்துரைப்பேன். பெடலுக்கு நடுவில் அமர்ந்து, செயின் வழியாகவும் கியர் வழியாகவும் இழுப்பதால், செங்குத்தான ஏற்றத்தில் தாழ்ந்த கியருக்கு மாறியதும் அது தனக்கு உகந்த வேகத்தில் சுழலும். சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் ஹப் மோட்டாருக்கு அந்த வசதி இல்லை; மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் வேகத்தில் நீண்ட ஏற்றம் ஏறும்போது மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாக மாறி மோட்டாரைச் சுட வைக்கும். மிட் டிரைவின் குறை, செயின் சீக்கிரம் தேய்வதும் சுமையில் அறுவதும். கியர் மாற்றும் கணத்தில் பெடலின் அழுத்தத்தைத் தளர்த்துவதோடு, செயின் கருவியும் ஓர் இணைப்புக் கண்ணியும் பையில் எப்போதும் இருக்க வேண்டும்.

பேட்டரியின் அளவைக் கம்பெனி சொல்லும் மைல் கணக்கால் அறிய முடியாது. கையால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓட்டுபவர் 80 கிலோ, வண்டி 32, காலி டிரெய்லர் 10, சாமான் 18 என்றால் மொத்தம் 140 கிலோ. மண் சாலையில் 12 கி.மீ. தூரமும் 600 மீட்டர் ஏற்றமும் இருப்பதாகக் கொள்வோம். உயரம் ஏற மட்டும் சுமார் 230 வாட்-மணி ஆற்றல் வேண்டும். டயரின் உருளும் தடையைத் தாண்ட இன்னும் 135 அளவில் வேண்டும். ஒரு மணி நேரம் நிதானமாக மிதித்து நீங்கள் 85 வாட்-மணி கொடுத்தாலும், மீதி 280ஐ மோட்டார் கொடுக்க வேண்டும். மோட்டாரின் செயல்திறன் 75 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் பேட்டரியிலிருந்து சுமார் 370 வாட்-மணி இறங்கும். 48 வோல்ட், 15 ஆம்பியர்-மணிப் பேட்டரியில் இருப்பது 720. அக்டோபர் காலைக் குளிரில் அதில் கால் பங்கு கைக்கு வராமல் போனால் மிஞ்சுவது 540. அதாவது ஒரு முறை போய், இறக்கத்தில் திரும்பிவரலாம். மீதி இறைச்சிக்காக மறுபடியும் ஏற முடியாது. எல்க் வேட்டையில் இரண்டாம் நடை ஏறக்குறைய உறுதி என்பதால், இரண்டாவது பேட்டரியை ஆடம்பரமாக நினைக்காமல் செலவுக் கணக்கில் முதலிலேயே சேர்த்துவிட வேண்டும்.

இரவில் பேட்டரியைக் கழற்றிக் கூடாரத்துக்குள் வைத்தால் காலையில் அதன் முழுப் பலனும் கிடைக்கும். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்கும் லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்தால் அது நிரந்தரமாகக் கெட்டுப்போகும் என்பதால், முதலில் அறை வெப்பத்துக்கு வர விட வேண்டும். விமானத்தில் போகிறவர்களுக்கு இன்னொரு தடை உண்டு: பயணிகள் விமானத்தில் 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைக் கையிலும் கொண்டுபோக முடியாது, பெட்டியிலும் வைக்க முடியாது. காரில் போக வேண்டும், அல்லது வேட்டை நடக்கும் ஊரிலேயே வாடகைக்கு எடுக்க வேண்டும்.

டிரெய்லரும் அதன் கட்டும்

ஒற்றைச் சக்கர டிரெய்லர் குறுகிய தடத்தில் சைக்கிளின் சுவட்டிலேயே வரும். ஆனால் பாப் யாக் போன்ற பெயர்பெற்ற மாதிரியே 32 கிலோவுக்கு மேல் தாங்காது. எலும்போடு கூடிய ஒரு பின்தொடையே அந்த எடையை நெருங்கிவிடும். இரட்டைச் சக்கர டிரெய்லர்களில் பர்லி நிறுவனத்தின் தட்டை மாதிரி 45 கிலோ தாங்கும். வேட்டைக்கென்றே செய்யப்படுபவை அதற்கு மேலும் தாங்கும். மோட்டார் வாகனங்களுக்குத் திறந்த சாலையில்தான் ஓட்டப் போகிறோம் என்பதால் அகலம் பெரிய தடையல்ல. அகலமான டிரெய்லருக்குப் பகை பக்கவாட்டுச் சரிவுதான்: ஒரு சக்கரம் பள்ளத்திலும் மறுசக்கரம் மேட்டிலும் ஏறினால் நொடியில் கவிழும்.

பின்சக்கர அச்சோடு டிரெய்லரை இணைக்கும் கொக்கி வண்டிக்கு வண்டி மாறும். ஹப் மோட்டார் வண்டிகளில் அச்சு தடிமனாகவும் தட்டையாக வெட்டப்பட்டும் இருப்பதால் சாதாரணக் கொக்கி பொருந்தாது. கொக்கியின் தகட்டைச் செருகியதால் நட்டுக்குப் பிடிக்கப் போதிய மரை மிஞ்சாவிட்டால் அந்தக் கொக்கியை விட்டுவிட வேண்டும்.

சுமை ஏற்றும்போது எடைமிக்க பின்தொடைகளை அடியில், டிரெய்லர் அச்சுக்குச் சற்று முன்னால் வைக்க வேண்டும். பிணைப்புத் தண்டைக் கையால் தூக்கிப் பார்த்தால் மொத்தச் சுமையில் பத்தில் ஒரு பங்கு கையில் உணரப்பட வேண்டும். 45 கிலோவுக்கு நான்கரை கிலோ. தண்டு தானாக மேலெழுந்தால் சுமை பின்னால் போய்விட்டது என்று பொருள், இறக்கத்தில் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். ரப்பர் கயிறு குலுங்கலில் நீண்டுகொடுத்துச் சுமையை நகரவிடும்; பக்கிள் வைத்த நாடாதான் நிற்கும். கொம்பின் முனைகள் பின்னோக்கி இருக்குமாறு கட்டி, அதன்மேல் பளீரென்ற ஆரஞ்சுத் துணியைச் சுற்றுங்கள். தூரத்தில் நகரும் கொம்பை மட்டும் காணும் இன்னொரு வேட்டைக்காரர் என்ன நினைப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம் காட்டில் முதன்முறையாகச் செய்யக் கூடாது. அமெரிக்காவிலுள்ள இந்திய மளிகைக் கடைகளில் விற்கும் 20 பவுண்டு அரிசி மூட்டை ஐந்தைக் கட்டினால் சரியாக 45 கிலோ வரும். அதோடு வீட்டருகே உள்ள செங்குத்தான ஒரு சாலையில் ஏறி இறங்கி, பாதி இறக்கத்தில் நிறுத்தி, மறுபடி கிளம்பிப் பாருங்கள். கடையில் தெரியாத குறைகள் அந்தச் சாலையில் தெரிந்துவிடும்.

சுமையோடு இறங்குதல்

ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், முன்னால் 203 மி.மீ. தட்டு, நான்கு பிஸ்டன் பிடிப்பான் ஆகியவை சுமை இழுக்கும் வண்டிக்குக் குறைந்தபட்சத் தேவை. ஆள், வண்டி, இறைச்சி எல்லாம் சேர்ந்து 175 கிலோ இறங்கும்போது மோட்டாரின் வலிமை ஒன்றுக்கும் உதவாது. ஓடும் மனிதரின் வேகத்தைத் தாண்டாமல் இறங்க வேண்டும். வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே, வேகத்தைக் குறைக்க வேண்டும். வளைவுக்குள் பிரேக் பிடித்தால் டிரெய்லர் பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளி மடக்கிவிடும். நீண்ட இறக்கத்தில் அவ்வப்போது நின்று தட்டு ஆற விடுங்கள். மிகச் செங்குத்தான இடத்தில் இறங்கி நடப்பதே சரி. நான்கு அங்குல அகல டயரில் காற்று குறைவாக இருப்பது போகும்போது சுகம். சுமையோடு திரும்பும்போது விளிம்பு பாறையில் இடிக்கும் என்பதால், ஏற்றுவதற்கு முன் சிறு பம்பால் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும்.

துப்பாக்கியை உறையில் செருகி வண்டியில் கட்டும்போது அறைக்குள் தோட்டா இருக்கவே கூடாது. வண்டி ஒருமுறை விழுந்திருந்தால், சுடும் முன் தொலைநோக்கியின் குறி நகர்ந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

வண்டியை விட்டு நடக்கும் இடம்

மின்சைக்கிள் சத்தமில்லாதது, ஆகவே மான் கலையாது என்று விற்பவர்கள் சொல்வது பாதி உண்மை. ஓரிகான் மாநிலத்தின் ஸ்டார்க்கி ஆய்வுக் காட்டில் எல்க்குகளுக்குக் கழுத்துப்பட்டை மாட்டி ஆராய்ந்தபோது, மோட்டார் வண்டி, மலைச் சைக்கிள், நடப்போர், குதிரை ஆகிய எல்லாவற்றிலிருந்தும் அவை விலகிப்போயின. அந்த விலகல் மோட்டார் வண்டிக்கும் சைக்கிளுக்கும் கூடுதலாக இருந்தது. எனவே தேடும் இடத்துக்கு ஒரு கிலோமீட்டருக்கு முன்பாவது வண்டியை மரத்தில் பூட்டிவிட்டு நடக்க வேண்டும். சாலையை விட்டுக் காட்டுக்குள் வண்டியை இழுத்துச் செல்வது சட்டத்துக்கும் எதிரானது, வேட்டைக்கும் கேடு.

மொன்டானா, வயோமிங், ஐடஹோவின் சில பகுதிகள் ஆகிய கிரிஸ்லிக் கரடி நாட்டில் வேகமும் அமைதியும் சேர்வது ஆபத்து. 2016 ஜூனில் கிளேசியர் தேசியப் பூங்காவை ஒட்டிய காட்டில் சைக்கிளில் வந்த ஒருவர் வளைவில் கரடிமீதே மோதி, அதனால் தாக்கப்பட்டு இறந்தார். கண்ணுக்கு எட்டாத வளைவில் வேகத்தைக் குறைத்துக் குரல் கொடுங்கள். கரடி விரட்டும் தெளிப்பான் வண்டியின் பையில் கிடந்தால் பயனில்லை, அது இடுப்பிலோ மார்பிலோ இருக்க வேண்டும்.

இறைச்சி

மான் விழுந்த இடத்திலிருந்து வண்டி வரை முதுகில்தான் சுமக்க வேண்டும். டிரெய்லர் அந்த உழைப்பை மாற்றாது. செப்டம்பர் பிற்பகலில் மலையிலும் வெயில் 20 டிகிரியைத் தாண்டும் என்பதால், தோலை உடனே உரித்து, கால்களைப் பிரித்து, காற்றுப் புகும் துணிப் பைகளில் இட்டு நிழலில் தொங்கவிட வேண்டும். டிரெய்லரில் தூசி படாதிருக்கத் தார்ப்பாயை அடியில் விரிக்கலாம். ஆனால் இறைச்சியைப் பிளாஸ்டிக்கால் சுற்றி மூடினால் சூடு உள்ளே அடைபட்டு எலும்பை ஒட்டிய பகுதி புளித்துவிடும். பல மாநிலங்களில் விலங்கு ஆணா பெண்ணா என்பதை உறுதிசெய்யும் உறுப்பு ஏதேனும் ஒரு பங்கில் இயல்பாக ஒட்டியே இருக்க வேண்டும்; அது நீங்காதபடி வெட்ட வேண்டும். முதல் நடையில் பின்தொடைகளும் முதுகுக்கறியும், இரண்டாம் நடையில் முன்னங்கால்களும் கழுத்தும், கடைசியில் தலையும் கொம்பும் என்பது நல்ல வரிசை. உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விட்டுவிட்டுக் கொம்பை மட்டும் கொண்டுவருவது தண்டனைக்குரியது. காரில் பனிக்கட்டிப் பெட்டிகள் காத்திருக்க வேண்டும். 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கொண்டுவருவதே இலக்கு.

மான் இனத்தைத் தாக்கும் நாட்பட்ட நலிவு நோய் பரவாதிருக்க, மூளையும் முதுகுத்தண்டும் ஒட்டிய உடலை வெளிமாநிலத்துக்குள் கொண்டுசெல்லப் பல மாநிலங்கள் தடை விதித்திருக்கின்றன. எல்லையைத் தாண்டுவதற்கு முன் எலும்பு நீக்கும் வேலையை முடித்துவிட்டு, டிரெய்லரில் படிந்த இரத்தத்தைத் துணியும் வாளித் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். அழுத்த நீர்க்குழாயை மோட்டாரின் பக்கமும் சக்கரங்களின் பேரிங் பக்கமும் கொண்டுபோகக் கூடாது.