டர்போ பாஸ்கல் 5.5: உறைந்த நிரலைச் சரிசெய்தது

நண்பர் ஒருவர் கல்லூரிக் காலத்தில் எழுதிய படம் வரையும் நிரலை டாஸ்பாக்ஸில் (பழைய டாஸ் நிரல்களை இன்றைய கணினியில் ஓட்டும் மென்பொருள்) ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார். எழுதியது டர்போ பாஸ்கல் 5.5இல், அதாவது இந்த பாஸ்கல் கம்பைலரில் 1989இல் ஆப்ஜெக்ட் வசதி (தரவையும் அதைக் கையாளும் மெத்தட்களையும் ஒன்றாகக் கட்டுவது) முதன்முதலாகச் சேர்ந்த பதிப்பு. வட்டம் ஒழுங்காக வரும். செவ்வகம் என்றால் திரை உறைந்துவிடும். அதுவும் சில நேரம் மட்டும். அந்தச் 'சில நேரம்'தான் தலைவலி.

ரேஞ்ச் செக்கிங்கை, அதாவது ஓடும்போதே தவறுகளைச் சோதிக்கும் அமைப்பைப் போட்டு மறுபடி கம்பைல் செய்தேன். ஆப்ஜெக்ட் சரியாகத் தயாரானதா என்பதையும் அது சோதிக்கும். இப்போது உறையவில்லை, ரன்டைம் எரர் 210 வந்தது. சரி, கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்டைத் தயார்செய்யும் மெத்தட்) ஓடவில்லை என்று அர்த்தம். விர்ச்சுவல் மெத்தட் (எதை அழைப்பது என்று ஓடும்போது முடிவாகும் மெத்தட்) உள்ள ஆப்ஜெக்டில் இரண்டு பைட் ஒதுக்கியிருக்கும். மெத்தட் அட்டவணை எங்கே என்பதை அதில் எழுதுவது கன்ஸ்ட்ரக்டர். செவ்வகத்துக்கு நினைவக இடம் ஒதுக்கும் வெறும் 'நியூ' மட்டும் இருந்தது, கன்ஸ்ட்ரக்டர் அழைப்பு இல்லை. ஹீப்பில், அதாவது 'நியூ' இடம் எடுக்கும் நினைவகத்தில், கிடந்த பழைய மதிப்பு தற்செயலாகப் பொருந்தினால் ஓடும், இல்லையென்றால் எங்கேயோ குதிக்கும்.

எரர் 210ஐத் தந்த அந்தச் சோதனை நடக்கும் விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. மெத்தட் அட்டவணையின் முதல் வேர்டில் (இரண்டு பைட்) ஆப்ஜெக்டின் அளவு, அடுத்ததில் அதே அளவு மைனஸில். கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும், அவ்வளவுதான்!

'நியூ'வுக்குள் கன்ஸ்ட்ரக்டர் பெயரையும் சேர்த்தேன், செவ்வகம் வந்துவிட்டது. அப்புறம் செக்கிங்கை எடுத்துவிட்டேன், அது ஒவ்வொரு விர்ச்சுவல் மெத்தட் அழைப்பையும் கொஞ்சம் மெதுவாக்கும்.