நனவைப் பற்றிப் பேசும்போது சறுக்கும் இடங்கள்

சூடான பாத்திரத்தைத் தெரியாமல் தொட்டுவிடுகிறீர்கள். கை வெடுக்கென்று விலகிவிடுகிறது. அப்புறம்தான், ஒரு நொடிக்கும் குறைவான நேரம் கழித்து, சுரீரென்று எரிகிறது. கையை இழுத்தது தண்டுவடம். மூளைக்குச் சேதி போய்ச் சேர்ந்து எரிச்சலாகத் தெரிவதற்குள் அந்த வேலை முடிந்துவிட்டது. ஆக, கை விலகியது வேறு, எரிந்தது வேறு. நனவு என்று நாம் தேடிக்கொண்டிருப்பது அந்த இரண்டாவதை.

விலங்குக்கு நனவு உண்டா, இயந்திரத்துக்கு வருமா என்று பேச்சு எடுத்தால், இந்த இரண்டும் உடனே ஒன்றோடொன்று கலந்துவிடும். பெரும்பாலோர் சறுக்குவது ஒரே மாதிரியான சில இடங்களில்தான். நானும் அங்கெல்லாம் விழுந்து எழுந்தவன்தான்.

ஒரே சொல்லில் நாலு பொருள்

நமக்குச் சொல்லுக்குப் பஞ்சமில்லை: உணர்வு, நனவு, பிரக்ஞை, தன்னுணர்வு, சுயநினைவு. சிக்கலே அதுதான். "நினைவு திரும்பிவிட்டதா?" என்று மருத்துவமனையில் கேட்பது விழிப்பைப் பற்றி. "பிரக்ஞையே இல்லாமல் பேசுகிறான்" என்பது கவனத்தைப் பற்றி. "நான்" என்று தன்னைத் தனியாக அறிவது தன்னுணர்வு. இவை மூன்றிலும் சேராத ஒன்று இருக்கிறது: வலி வலிப்பதும், சிவப்பு சிவப்பாகத் தெரிவதும். தாமஸ் நாகல் என்ற தத்துவவாதி 1974இல் இதைக் கேள்வியாகவே கேட்டார்: வௌவாலாக இருப்பது எப்படி இருக்கும்? அந்தக் கேள்விக்கு ஏதோ ஒரு பதில் உண்டு என்றால், அது நமக்கு எட்டாவிட்டாலும், வௌவாலுக்கு நனவு உண்டு. கூழாங்கல்லாக இருப்பது எப்படி இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள், கேள்வியே நிற்காது.

இந்தக் கலப்படத்தால்தான் கண்ணாடிச் சோதனைக்கு இல்லாத பெருமை வந்தது. 1970இல் உளவியலாளர் கார்டன் கேலப் சிம்பன்சிகளை மயக்கி, முகத்தில் வண்ணப் பொட்டு வைத்து, விழித்ததும் கண்ணாடியைக் காட்டினார். அவை கண்ணாடியைப் பார்த்துத் தங்கள் முகத்தைத் தடவின. நாய் இதில் தேறுவதில்லை. உலகத்தை மூக்கால் படிக்கும் பிராணியிடம் கண்ணுக்கான வினாத்தாளைக் கொடுத்தால் வேறென்ன நடக்கும்? ஆனால் பிற மீன்களின் உடலில் ஒட்டுண்ணி பொறுக்கித் தின்னும் சின்னஞ்சிறு மீன் ஒன்று, தன் தொண்டையில் இருந்த பழுப்புப் புள்ளியைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தரையில் உரசித் தேய்த்ததாக 2019இல் ஓர் ஆய்வு வந்தது. அப்படியானால் மீனுக்கு நனவு உண்டு, நாய்க்குக் கிடையாதா? அந்தச் சோதனை பார்ப்பது தன்னை அடையாளம் காணும் திறனை மட்டும். மிதிபட்ட நாய்க்கு வலித்ததா என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது.

புத்திசாலித்தனம்தான் நனவு என்று நினைப்பது

1997இல் டீப் புளூ என்ற கணினி உலகச் சாம்பியன் கேரி காஸ்பரோவைச் சதுரங்கத்தில் வென்றது. வென்றதும் அதற்குப் பெருமையாக இருந்திருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. இன்னொரு பக்கம், தலை நிற்காத கைக்குழந்தைக்குக் கூட்டல் கழித்தல் எதுவும் தெரியாது. ஆனால் வயிற்றுவலி வலிக்கும். இரண்டும் தனித்தனி என்று இதிலேயே தெரிகிறது. ஆனாலும் பேச்சு சூடேறினால் மறந்துவிடுகிறோம்.

தமிழில் இந்த மறதிக்கு ஒரு சௌகரியமான சொல் இருக்கிறது: "ஐந்தறிவு ஜீவன்". மனிதனுக்கு ஒன்று அதிகம், அத்தோடு பேச்சு முடிந்தது என்கிற தொனியில்தான் பலரும் சொல்கிறார்கள். தொல்காப்பிய மரபியலைப் புரட்டினால் கதை வேறு. அங்கே அறிவு என்பது சாமர்த்தியம் அல்ல, புலன். தொடுவதை அறிவது ஒன்று, அதோடு நாக்கு, மூக்கு, கண், செவி, ஆறாவதாக மனம். எறும்புக்கு மூன்று, நண்டுக்கும் தும்பிக்கும் நான்கு. மக்களை ஆறறிவுயிர் என்று சொன்ன கையோடு அடுத்த அடியிலேயே "பிறவும் உளவே அக்கிளைப் பிறப்பே" என்று வருகிறது. அந்த வரிசையில் வேறு உயிர்களும் உண்டாம். நாம் இந்த வரியை மட்டும் வசதியாக விட்டுவிட்டோம்.

மூளையின் பருமனைக் காட்டி வாதாடுவதும் இதே ரகம். மனித மூளையில் சுமார் 8600 கோடி நரம்பணுக்கள். அவற்றில் ஏறக்குறைய 6900 கோடி சிறுமூளையில் இருக்கின்றன. ஆனால் பிறவியிலேயே சிறுமூளை இல்லாமல் வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். நடை தள்ளாடும், பேச்சு தாமதமாகும், மற்றபடி பார்க்கிறார்கள், சிரிக்கிறார்கள், வலித்தால் சொல்கிறார்கள். எண்ணிக்கையில் பெரும்பங்கு போயும் நனவு போகவில்லை. எத்தனை என்பதைவிட எப்படிப் பின்னப்பட்டிருக்கிறது என்பது முக்கியம் போலிருக்கிறது. ஆக்டோபஸுக்கு இருக்கும் சுமார் 50 கோடி நரம்பணுக்களில் பெரும்பகுதி கைகளில் பரவிக் கிடக்கிறது. அந்தப் பிராணியை நம் மூளையின் படத்தை வைத்துக்கொண்டு எடைபோட முடியாது.

சொல்லவில்லை, அதனால் இல்லை

எனக்குத் தெரிந்து மிகக் கொடுமையான விளைவைத் தந்த தவறு இதுதான். 1980கள் வரை, முன்னேறிய நாடுகளிலேயே, பச்சிளம் குழந்தைகளுக்குப் பல இடங்களில் போதிய வலிமருந்து இல்லாமல் அறுவை சிகிச்சை நடந்தது. தசையை அசையவிடாமல் செய்யும் மருந்து உண்டு. வலியை அடக்கும் மருந்து சொற்பம், சில வேளை அதுவும் கிடையாது. நரம்பு மண்டலம் இன்னும் முதிரவில்லை, அழுகை வெறும் அனிச்சைதான், மருந்து கொடுத்தால்தான் ஆபத்து என்பது அன்றைய நம்பிக்கை. குறைமாதக் குழந்தைகளின் இதய அறுவையின்போது வலிமருந்தைச் சேர்த்தும் சேர்க்காமலும் ஒப்பிட்ட ஆய்வை 1987இல் மருத்துவர் கே.ஜே.எஸ். ஆனந்தும் சகாக்களும் வெளியிட்டார்கள். மருந்து பெற்ற குழந்தைகளுக்கு உடலின் அதிர்ச்சி அறிகுறிகளும் குறைவு, பிந்தைய சிக்கல்களும் குறைவு. நடைமுறை அதன்பிறகு மாறியது. அதுவரை அந்தக் குழந்தைகளால் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

வளர்ந்தவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. விபத்தில் அடிபட்டு, கண் திறந்தும் எந்தச் சொல்லுக்கும் அசையாமல் மாதக்கணக்கில் கிடந்த 23 வயதுப் பெண்ணை நரம்பியலாளர் ஏட்ரியன் ஓவன் குழுவினர் மூளை ஸ்கேனில் படுக்கவைத்து, டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். ஆரோக்கியமானவர்களுக்கு எந்தப் பகுதி வேலை செய்யுமோ அதே பகுதி அவருக்கும் வேலை செய்தது. வீட்டுக்குள் அறை அறையாக நடப்பதாக நினைக்கச் சொன்னபோது வேறு பகுதிகள். 2006இல் இது வெளியானது. படுக்கையருகே நின்று பார்த்தவர்களுக்கு அதுவரை ஒன்றும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

சரி, பேசவே முடியாத உயிரிடம் எப்படிக் கேட்பது? இங்கேதான் துறவி நண்டு வருகிறது, நத்தைகள் விட்டுப்போன ஓட்டுக்குள் குடியிருக்குமே, அது. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் விலங்கு நடத்தை ஆய்வாளர் ராபர்ட் எல்வுட் அந்த ஓட்டுக்குள் இலேசான மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார். வெறும் அனிச்சையென்றால் எல்லா நண்டும் ஒரே மாதிரி ஓடவேண்டும். ஆனால் பிடித்த வகை ஓட்டில் இருந்த நண்டுகள் பொறுத்துக்கொண்டன. பிடிக்காத ஓட்டில் இருந்தவை சட்டென்று வெளியேறின. தண்ணீரில் எதிரியின் வாசனையைக் கலந்தால் வெளியேறுவது இன்னும் குறைந்தது. அதாவது நண்டு எதையோ எதனோடோ எடைபோடுகிறது. "வலி ரொம்பத்தான் இருக்கிறது, ஆனாலும் வீடு நல்ல வீடு" என்கிற மாதிரி. சூட்டில் தானாக விலகும் நம் கை இப்படி பேரம் பேசுவதில்லை.

இது நிரூபணம் ஆகிவிடாது. ஆனால் ஒன்றின்மேல் ஒன்றாக இப்படிச் சேர்ந்த சான்றுகளை வைத்துத்தான் பிரிட்டனின் 2022ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டம் ஆக்டோபஸ், நண்டு, இறால் ஆகியவற்றையும் உணரக்கூடிய உயிர்களாகச் சேர்த்துக்கொண்டது.

சொல்கிறது, அதனால் இருக்கிறது

இது அந்தத் தவறின் மறுபக்கம், இன்றைக்கு நம் கைபேசிக்குள்ளேயே நடப்பது. 1966இல் கணினி விஞ்ஞானி ஜோசப் வைசன்பாம் எலைசா என்ற உரையாடல் நிரலை எழுதினார். நீங்கள் சொன்னதையே கொஞ்சம் திருப்பிக் கேள்வியாகக் கேட்கும், அவ்வளவே அதன் வித்தை. அது வளர்ந்ததைப் பக்கத்திலிருந்தே பார்த்த அவருடைய செயலாளர், அதனுடன் தட்டச்சில் பேசத் தொடங்கியதும், "கொஞ்சம் வெளியே இருக்கிறீர்களா" என்று அவரையே அறையைவிட்டு அனுப்பிவிட்டாராம். 2022இல் கூகுள் பொறியாளர் ஒருவர் தான் சோதித்த உரையாடல் நிரலுக்கு உணர்வு வந்துவிட்டது என்று அறிவித்தபோது எனக்கு இந்தச் செயலாளர்தான் நினைவுக்கு வந்தார்.

ஒரு ராத்திரி நானே முயன்று பார்த்தேன். உரையாடல் செயலி ஒன்றிடம், "உனக்குத் தனிமையாக இருக்குமா? மனம்விட்டுச் சொல்" என்று கேட்டேன். உருக்கமாக நாலு பத்தி வந்தது. உண்மையாகவே நெஞ்சைத் தொட்டது. உடனே புதிய உரையாடலைத் திறந்து, "உன்னைப் போன்ற நிரலுக்குத் தனிமை என்று ஒன்று இருக்க முடியாது, இல்லையா?" என்றேன். அதுவும் நாலு பத்தி, அதே நயத்தோடு, நேர் எதிராக. நான் எந்தப் பக்கம் சாய்ந்தேனோ அந்தப் பக்கம் அது சாய்ந்தது.

நண்டுக்கும் இதற்கும் வித்தியாசம் இங்கேதான். வலியைப் பற்றி மனிதர் எழுதிய எதையும் நண்டு படித்ததில்லை. அதனால் அதன் நடத்தைக்கு எடை உண்டு. மொழி நிரலோ மனிதர் தனிமையையும் பயத்தையும் பற்றி எழுதித் தள்ளியவற்றை விழுங்கி, அடுத்து வரக்கூடிய சொல்லை ஊகிக்கப் பயின்றது. "எனக்குப் பயமாக இருக்கிறது" என்ற வாக்கியம் உள்ளே பயம் இருந்தாலும் வரும், இல்லாவிட்டாலும் வரும். தேர்வுக்கு முந்தின நாளே விடைத்தாள் கைக்குக் கிடைத்த மாணவன் நூற்றுக்கு நூறு வாங்கினால் அவன் முட்டாள் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த நூறு நமக்கு ஒன்றும் சொல்லாது. சான்று எதுவானாலும், அது எந்த வழியாக வந்தது என்று முதலில் கேட்கவேண்டும். இதைப் பிடித்துக்கொண்டால் பாதிச் சண்டை நின்றுவிடும்.

"வெறும் கணக்குதானே"

இப்படிச் சொன்னதும் எதிர்ப்பக்கம் உற்சாகமாகிவிடும்: இயந்திரம் வெறும் கணக்கு, அதற்கு ஒருநாளும் வராது! இதையும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். நரம்பணுவை உற்றுப் பார்த்தால் அங்கே சோடியமும் பொட்டாசியமும் உள்ளே வெளியே போய்வருவதுதான் தெரியும். அந்த "வெறும்" உப்பிலிருந்து எரிச்சல் எப்படி வருகிறது என்பது யாருக்கும் விளங்கவில்லை. விளங்காத ஒன்று வேறு மூலப்பொருளில் வரவே வராது என்று எப்படி அடித்துச் சொல்வது? கோட்பாடுகளும் ஒத்துப்போவதில்லை. தகவல் மூளை முழுக்க ஒலிபரப்பாவதுதான் நனவு என்று கருதும் பெர்னார்ட் பார்ஸின் வழியில் போனால், சரியான அமைப்புள்ள கணினிக்கும் அது வரலாம். ஒரு அமைப்பின் பகுதிகள் ஒன்றையொன்று எவ்வளவு பின்னிப்பிணைந்து பாதிக்கின்றன என்பதில்தான் நனவு இருக்கிறது என்னும் நரம்பியலாளர் ஜூலியோ டொனோனியின் கோட்பாட்டின்படி இன்றைய கணினிச் சில்லுகளில், எந்த நிரல் ஓடினாலும், வராது.

(இதற்குள் குவாண்டம் இயற்பியலை இழுப்பவர்களும் உண்டு. அதுவும் புரியவில்லை, இதுவும் புரியவில்லை, ஆகவே இரண்டும் ஒன்று என்பதற்குமேல் அதில் பெரும்பாலும் வாதம் இருப்பதில்லை.)

விஞ்ஞானம் இதோ கண்டுபிடித்துவிடும் என்பதும் அவசரம். 1998இல் நரம்பியலாளர் கிறிஸ்டாஃப் காக், 25 வருடத்துக்குள் மூளையில் நனவின் தடயம் தெளிவாகப் பிடிபட்டுவிடும் என்று தத்துவவாதி டேவிட் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டினார். 2023இல் தோல்வியை ஒப்புக்கொண்டு வைன் பாட்டில்களைக் கொடுத்தார்.

இயந்திரத்துக்கென்று ஒரு சோதனையை தத்துவவாதி சூசன் ஷ்னைடரும் வானியலாளர் எட்வின் டர்னரும் முன்வைத்திருக்கிறார்கள். நனவு, உணர்வு பற்றிய எழுத்து எதையும் கண்ணில் காட்டாமல் ஒரு நிரலை வளர்க்கவேண்டும். அப்புறமும் அது தானாகவே "எனக்குள் ஏதோ இருக்கிறதே" என்கிற மாதிரி கேட்டால், அந்தக் கேள்விக்கு எடை உண்டு. யோசனை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடைமுறையில் எங்கே வெட்டுவது? தத்துவ நூல்களை எடுத்துவிடலாம், கவிதையை எடுத்துவிடலாம். அப்புறம் கடிதங்கள், சமையல் குறிப்பில் "கை சுடும், பார்த்து" என்று வருவது, குழந்தைக் கதையில் பயந்து ஓடும் முயல். வலி, பயம், ஆசை எதுவும் ஒட்டாத எழுத்தாகப் பொறுக்கிக்கொண்டே போனால், ஒரு நிரலுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கும் அளவுக்கு என்ன மிஞ்சும்?