பழைய பென்ட்லியின் ஏர் சைலன்சரையும் ஃபில்டரையும் சோதிக்கும் முறை

1946-இல் இங்கிலாந்தின் க்ரூ ஆலையில் தயாராகத் தொடங்கிய பென்ட்லி மார்க் 6 காரை வைத்தே சொல்கிறேன். என் கைக்கு அதிகம் வருவது அதுதான். 4,257 சிசி, ஆறு சிலிண்டர், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் எஸ்.யூ. கார்புரேட்டர் இரண்டு. காற்றுக்கு நீளமான ஒரு டப்பா. காற்றை இழுக்கும் சத்தத்தைக் குறைக்கும் சைலன்சரும், தூசியைப் பிடிக்கும் கம்பிவலை ஃபில்டரும் அதிலேயே. இதைக் கழற்றிவிட்டுச் சின்ன ஃபில்டர் மாட்டச் சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள். அந்த டப்பாவோடு சேர்த்துத்தான், பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் கார்புரேட்டர் ஊசியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். முதலில் அளந்து பாருங்கள்.

வலையை மண்ணெண்ணெயில் அலசி உலர்த்தி, எஞ்சின் ஆயிலில் நனைத்து, நன்றாக வடியவிடுங்கள். தூசியைப் பிடிப்பது அந்த எண்ணெய்ப் பசைதான். காய்ந்த வலை மணலை அப்படியே உள்ளே விட்டுவிடும். கார்புரேட்டர் பக்கக் குழாயை உள்ளே வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் நறநறவென்று பட்டால், காற்று ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு போகிறது, கேஸ்கெட்டைப் பாருங்கள். டப்பாவைக் குலுக்கும்போது உள்ளே அடைத்த ஃபெல்ட் உதிர்ந்தால், அதைச் சரிசெய்யும்வரை வண்டியை எடுக்கவே வேண்டாம்.

அடுத்தது, டப்பா காற்றுக்கு எவ்வளவு தடை கொடுக்கிறது என்ற அளவு. கொத்தனார் மட்டம் பார்க்கும் அதே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூப் போதும். இரண்டு மீட்டர் டியூபைப் பலகையில் ‘ப’வைப் போல வளைத்துக் கட்டி, பாதிவரை சாயத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனை திறந்தே இருக்கட்டும். இன்னொரு முனை ஃபில்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே போக வேண்டும். மூலப் பாகத்தில் ஓட்டை போட்டுவிடாதீர்கள், அது திரும்பக் கிடைக்காது. இணைப்பில் ரப்பர் இருந்தால், புது ரப்பர் ஒன்று வாங்கி அதில் துளையிடுங்கள். தண்ணீர் எஞ்சினுக்குள் போய்விடாமல் இடையில் ஒரு காலி பாட்டில். தண்ணீர் குதித்தால் டியூபில் கொஞ்சம் பஞ்சு செருகுங்கள்.

ஐடிலில், அதாவது வண்டி நின்று எஞ்சின் சும்மா ஓடும்போது, பார்த்துப் பயனில்லை. 3,000 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 3,000 சுற்று), முழு த்ராட்டிலில் (ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்த நிலையில்) இந்த எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 6,000 லிட்டர் காற்று கேட்கும். காற்று இரண்டு மடங்கானால் தடை கிட்டத்தட்ட நான்கு மடங்கு. ஆகவே ஒரு மேட்டில் மூன்றாவது கியரில் முழுசாக மிதியுங்கள். இரு பக்க மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பக்கத்தில் இருப்பவர் மில்லிமீட்டரில் குறிக்கட்டும். பிறகு வலையை மட்டும் எடுத்துவிட்டு, தூசியில்லாத அதே மேட்டில், அதே வேகத்தில் ஒருமுறை. இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஃபில்டரின் தடை. கழுவுவதற்கு முன்பும் பின்பும் இப்படி எடுத்தால், கழுவியதில் என்ன கிடைத்தது என்று எண்ணாகவே தெரியும். வலை இல்லாமலும் அளவு அதிகமாகவே இருக்கிறதா? சைலன்சருக்குள் அடைப்பு இருக்கலாம்.

சத்தத்துக்கும் அதே ஒழுங்குதான். ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு மூன்று முறை காற்றை இழுக்கும், 2,000 ஆர்.பி.எம்.மில் அது 100 ஹெர்ட்ஸ். ஜன்னல்களை மூடி, போனை முன் சீட்டில் வைத்து, அதிர்வெண் காட்டும் செயலியில் அந்த இடத்தைப் பாருங்கள். டப்பாவோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை. இரண்டும் ஒன்றுபோல இருந்தால் உள்ளே தடுப்புத் தகடு கழன்றிருக்கலாம்.

கடைசியாக, டப்பாவை மாட்டி ஒரு மேடு ஏறி, முழு த்ராட்டிலில் இருக்கும்போதே கிளட்ச் மிதித்து இக்னிஷனை அணைத்து, ஓரமாக நிறுத்தி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். கரி படிந்திருந்தால் கலவையில் பெட்ரோல் அதிகம். தடையளவு குறைந்த பிறகும் கரி நீடித்தால் ஃபில்டரை விட்டுவிட்டுக் கார்புரேட்டரைத் திறக்கலாம்.