அனிமே, கேம், சினிமா கிளப்பில் சேர

சேலத்தில் கல்லூரி சேர்ந்த முதல் மாதத்திலேயே கிளப்பைத் தேடிவிடுங்கள். அப்புறம் இன்டர்னல் தேர்வு வந்துவிடும். நோட்டீஸ் போர்டை நம்ப வேண்டாம், அதில் தேர்வுக் கட்டண அறிவிப்புதான் மாசக்கணக்கில் தொங்கும். கேன்டீனில் யாராவது லுஃபி ('ஒன் பீஸ்' என்ற அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடரின் நாயகன்) டீ-ஷர்ட் போட்டிருந்தால், நேராகப் போய் "அண்ணா, வாட்ஸ்அப் குரூப் இருக்கா?" என்று கேளுங்கள். அக்காவாக இருந்தால் இன்னும் சீக்கிரம் வேலை நடக்கும்.

படிவம் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் 'பிடித்த அனிமே' என்ற இடத்தில் பார்க்காததை எழுதாதீர்கள். நருட்டோ தொடரை ஃபில்லர் எபிசோடு (மூலக் கதையில் இல்லாத இடைச்செருகல்) உட்பட முழுசாகப் பார்த்து முடித்தவர்கள் எதிரே உட்கார்ந்திருப்பார்கள், இரண்டே கேள்வியில் குட்டு உடையும். "இப்போதுதான் தொடங்கினேன்" என்றால் போதும். எதிலிருந்து பார்க்கலாம் என்று ஆளுக்கொரு பட்டியல் நீட்டுவார்கள்.

திரையிடல் நாளில் பஸ் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு எபிசோடு சுமார் 24 நிமிடம்தான், ஆனால் ஒன்றோடு யாரும் நிறுத்துவதில்லை. மேட்டூர், ஏற்காடு பக்கம் போகிறவர்களுக்கு இது முக்கியம். கேமிங் நாளுக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுபோங்கள். நன்றாக விளையாடுகிறவரைவிட அதற்குத்தான் மரியாதை.

சினிமா ஆட்களோடு பழக ஒரு வழி சொல்கிறேன். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு இருக்கிறதே, ஒரு ஞாயிறு அங்கே போகலாம் என்று குரூப்பில் போடுங்கள். டி.ஆர். சுந்தரம் தொடங்கிய அந்த நிறுவனம்தான் 1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படத்தை எடுத்தது. போட்டவுடன் "நான் வரேன்" என்று நாலு பேராவது வருவார்கள்.