வளைகாப்பும் கட்டுச்சோறும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொங்குப் பக்கம் வளைகாப்பு வளையலோடு முடிவதில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் ஏழு வகையோ ஒன்பது வகையோ சோறு கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே விருந்து போட்டு, பெண்ணைப் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். பத்திரிகையிலேயே ‘கட்டுச்சோறு விருந்து’ என்றுதான் அச்சடிப்பார்கள். ஈரோடு, கோபி, தாராபுரம் வட்டாரத்தில் இந்த விருந்துகளுக்குச் சமையல் எடுத்துச் செய்கிறேன். புதிதாகத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளும், “நாமளே பண்ணிக்கலாமுங்க” என்று இறங்குகிற வீட்டுக்காரர்களும் அன்றைக்கு நாங்கள் சறுக்கின அதே இடத்தில்தான் இன்றைக்கும் சறுக்குகிறார்கள். வெற்றிலை மறந்தது, சேர் பத்தாமல் போனது எல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதற்குப் பக்கத்துத் தெருவுக்கு ஓர் ஆளை அனுப்பினால் போதும்.

நாள் குறித்துவிட்டு டாக்டரைக் கேட்பது

ஒற்றைப்படை மாதம்தான் வேண்டும், அதிலும் வளர்பிறை வேண்டும் என்று பார்த்துப் பார்த்து ஒன்பதாம் மாதக் கடைசியில் கொண்டுபோய் வைப்பார்கள். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்த பிறகு, “வண்டியில அத்தனை தூரம் வேண்டாம்” என்று டாக்டர் சொல்லுவார். முதலில் டாக்டரிடம் கேளுங்கள், எந்த வாரத்துக்குள் முடிக்கலாமென்று. அதற்குள் வருகிற நாட்களை மட்டும் ஜோசியரிடம் கொடுங்கள். என்னைக் கேட்டால் ஏழாம் மாதமே நல்லது. பிள்ளை நடமாட்டமாக இருப்பாள், நாலு பேரோடு சிரித்துப் பேசுவாள்.

சுடச்சுடக் கட்டி மூடுவது

இதை எத்தனை வருஷம் சொன்னாலும் எனக்கு ஆற்றாமை அடங்குவதில்லை.

ஒரு வைகாசி வெள்ளிக்கிழமை. பெண் வீடு கோபிப் பக்கம், மாப்பிள்ளை வீடு பல்லடம் தாண்டி. சமையலுக்கு வேறு மாஸ்டர், பரிமாறுவது மட்டும் எங்கள் ஆட்கள். ராத்திரி இரண்டரைக்கே சோறு வடித்து, ஏழு வகையும் கிளறி, ஆவி பறக்கப் பறக்கப் பெரிய ஹாட்பாக்ஸ்களில் அழுத்தி அடைத்து, மேலே வாழையிலை போட்டு மூடிவிட்டார்கள். ஒன்பதரைக்கு மண்டபம் போய்ச் சேர்ந்தாயிற்று. வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. அது கழிந்துதான் பிள்ளையை மணையில் உட்கார வைத்தார்கள். சந்தனம் பூசி, வளையல் அடுக்கி, போட்டோக்காரர் விட்டபோது மணி ஒன்றே முக்கால்.

மூடியைத் திறந்தேன். அடிப்பக்கமிருந்து தண்ணீர் சொட்டியது. தேங்காய்ச் சாதத்தில் கரண்டியை விட்டுத் தூக்கினால் நூல் நூலாக இழுத்துக்கொண்டு வருகிறது. தயிர் சாதத்தில் நுரை. எலுமிச்சையும் புளியும் மட்டும் ஒருவாறு தப்பியிருந்தன, ஆனால் மண்டபமெல்லாம் வாடை ஏறிய பிறகு அதை யார் இலையில் வைப்பது? பெண்ணின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டல் ஓட்டலாக ஓடினார். நூற்றைம்பது ஒறம்பரைக்கு, அதாவது விருந்தாளிகளுக்கு, திடீரென்று எந்த ஓட்டலில் சாப்பாடு இருக்கும்? கிடைத்ததைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். சமைத்த செலவு ஒன்று, ஓட்டல் செலவு ஒன்று. அதைவிட, மாப்பிள்ளையின் அம்மா எல்லார் முன்னாலும் கேட்டதுதான் அவரை உட்கார வைத்துவிட்டது: “ஏனுங் சம்பந்தி, மாசமா இருக்கற புள்ளைக்குக் கட்டிக்கிட்டு வந்த சோறு இதுதானுங்களா?”

இப்போதும் புது கேட்டரிங் பையன்களிடம் சொன்னால், “ஹாட்பாக்ஸ்ல போட்டாச்சுங்கக்கா, ஒண்ணும் ஆவாது” என்கிறார்கள். ஆகும். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்கிற கிருமியின் வித்துகள் இருக்கும். கொதிக்கிற உலையிலும் அவை சாவதில்லை. சோறு 60 டிகிரிக்குக் கீழே இறங்கி வெதுவெதுப்பாகவே மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்துப் பெருகும். அது விடுகிற நஞ்சில் ஒரு வகை, திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி எடுக்க வைக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஹாட்பாக்ஸ் சரி. பத்து மணி நேரம் போட்டு மூடினால் அது அடைகாக்கிற பெட்டிதான். அழுத்தி அடைப்பது இன்னும் மோசம், நடுச்சோற்றின் சூடு வெளியே வர வழியே இல்லை.

நான் செய்வது இதுதான். சீருக்கு வைக்கிற சோறு வேறு, ஊர் சாப்பிடுகிற சோறு வேறு என்று முதலிலேயே பிரித்துவிடுவேன். சீருக்கு ஒவ்வொரு வகையிலும் ஒரு சின்னத் தூக்குப்போசி (பிடி வைத்த பாத்திரம்), கிளம்புவதற்குச் சற்று முன்னால் செய்தது. வடித்த சோற்றை அகலமான தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு, விசிறியில் ஆற விட்டுத்தான் கிளறுவேன். ஒறம்பரைக்கான சோற்றை மண்டபத்து அடுப்படியிலேயே வடிப்போம். புளிக்காய்ச்சலை இரண்டு நாள் முன்னாலேயே காய்ச்சிக்கொள்ளலாம், எண்ணெய் மிதக்கக் காய்ச்சினால் கெடாது. தேங்காயை அங்கே போய்த்தான் துருவ வேண்டும். தயிரும் காய்ச்சின பாலும் தனித்தனியாக ஐஸில் போகும், பந்திக்குச் சற்று முன்னால்தான் பிசைவோம்.

“கட்டுச்சோறுன்னா கட்டிக்கிட்டுத்தானுங்க வரோணும்” என்று சில ஆத்தாக்கள் முறைப்பார்கள். கட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறோம், தூக்குப்போசியில். ஊருக்கே கட்டி வந்த காலத்தில் பெண் எடுத்த ஊர் மாட்டுவண்டி தூரத்தில் இருந்தது, பந்தியும் நேரத்தில் நடந்தது.

அளவும் சொல்லிவிடுகிறேன். ஏழு வகை இருந்தாலும் வயிறு ஒன்றுதான். எல்லா வகையும் சேர்த்து ஆளுக்கு 100 முதல் 120 கிராம் அரிசி போதும். ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாக ஊருக்கே கணக்குப் போடுகிறவர்கள்தான் சாயங்காலம் மாட்டுத் தொட்டி தேடுகிறார்கள்.

வளையல் அளவு

கல்யாணத்தப்போ 2.4 போட்டவள்தானே என்று அதையே டஜன் டஜனாக வாங்கி வந்துவிடுவார்கள். மாசமாக இருக்கிறவளுக்குக் கை வீங்கும். 2.6, சில கைக்கு 2.8 கூட வேண்டியிருக்கும். 2.6 என்பது 2 அங்குலமும் 16-ல் 6 பங்கும், அதாவது சுமார் 60 மில்லிமீட்டர். ஓர் அளவு ஏறினால் கூடுவது 3 மில்லிமீட்டர்தான், ஆனால் முட்டியைத் தாண்டுவதும் தாண்டாததும் அந்த மூன்றில்தான் இருக்கிறது. சோப்புப் போட்டு ஏற்றுகிற வேலையெல்லாம் ஒரு வளையலுக்குச் சரி. இரண்டு கை நிறைய கண்ணாடி வளையல் ஏற்றும்போது உடைந்து கிழித்தால், சபையில் ரத்தம் பார்த்ததற்கு ஆளுக்கொரு சகுனம் சொல்ல வந்துவிடுவார்கள். அந்த வாரத்தில் ஒரு வளையல் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

ஆளாளுக்கு ஊட்டுவது

24 முதல் 28 வாரத்துக்குள் கர்ப்பகாலச் சர்க்கரைக்குப் பரிசோதனை எடுத்திருப்பார்கள். சர்க்கரை இருக்கிறதென்று வீட்டுக்கே தெரியும். ஆனாலும் மேடைக்கு வருகிற ஒவ்வொரு சித்தியும் அத்தையும் ஒரு கை கச்சாயம், ஒரு வாய் ஒப்புட்டு என்று இனிப்பாகவே ஊட்டுவார்கள். மறுத்தால் கோபித்துக்கொள்வார்கள் என்று அவளும் வாயைத் திறப்பாள். மூத்த நங்கையாளை, அதாவது அண்ணி முறைக்காரர் ஒருத்தரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள், வேண்டாமென்று சொல்லுகிற வேலை அவருடையது. வேண்டுமென்கிறவர்கள் நெற்றியில் பொட்டு வைத்து, கையில் பழம் கொடுத்துவிட்டு இறங்கட்டும்.

பலூன் மேடை

கர்ப்பிணி உட்காருகிற நாற்காலிக்கு முதுகுச் சாய்மானம் இருக்கிறதா என்று பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

பிள்ளை இல்லாதவரை ஒதுக்கி நிறுத்துவது

செய்யாதீர்கள். அதற்கு எந்தச் சாத்திரமும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

ஃபைலை விட்டுவிட்டுக் கிளம்புவது

சீர் தட்டு, பலகாரக் கூடை, வெற்றிலை பாக்குப் பை எல்லாம் எண்ணி வண்டியில் ஏற்றுவார்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டும் தாய் சேய் நல அட்டையும் மாப்பிள்ளை வீட்டு பீரோவிலேயே கிடக்கும். கர்ப்பத்தைப் பதிந்தபோது அரசு கொடுத்த பிக்மி எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டியிருக்கும். தாய் வீட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரியில் ராத்திரி வலியோடு போய் நிற்கும்போது பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டு கையில் வேண்டும். மண்டபத்துக்குக் கிளம்பும்போதே அந்த ஃபைலைப் பெண்ணின் அம்மா கைப்பையில் வைத்துவிடுங்கள், மாப்பிள்ளையிடம் கொடுக்க வேண்டாம்.