வெண்டைக்காய்த் தண்ணீரில் கிண்டும் களி: பார்படோஸின் கூக்கூவும் பறக்கும் மீனும்

வெண்டைக்காயின் வழவழப்பைப் போக்க நாம் என்னென்னவோ செய்வோம். புளித்தண்ணீர் தெளிப்போம், மோர் விடுவோம், மூடாமல் வதக்குவோம். கரீபியன் தீவான பார்படோஸில் நேர்மாறு. வெண்டைக்காயை வேகவைத்து, அந்த வழவழப்புத் தண்ணீரை வடித்துப் பத்திரப்படுத்தி, அதில் மக்காச்சோள ரவையைக் கிண்டுகிறார்கள். இதுதான் கூக்கூ. பக்கத்தில் பறக்கும் மீன் குழம்பும் சேர்ந்தால் அந்தத் தீவின் தேசிய உணவு. கேழ்வரகுக் களி கிண்டிப் பழகிய கைக்கு இதில் பாதி வேலை ஏற்கெனவே தெரியும்.

பார்படோஸ் 431 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சின்னத் தீவு. அங்குள்ளவர்கள் தங்களைப் பேஜன் என்று சொல்லிக்கொள்வார்கள். 1627-ல் ஆங்கிலேயர் அங்கே குடியேறினார்கள். பிறகு கரும்புத் தோட்ட வேலைக்காக ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். வெண்டைக்காயும் மாவைக் களியாகக் கிண்டும் வழக்கமும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. தோட்டத்தில் அளந்து கொடுத்த தானியத்தையும் உப்பு மீனையும் வைத்துக்கொண்டு அந்த மக்கள் வயிறு நிறையும்படி, நாக்குக்கும் ருசிக்கும்படி ஒரு சாப்பாட்டை உண்டாக்கினார்கள். அடிமை முறை 1834-ல் சட்டப்படி ஒழிந்தது, முழு விடுதலை 1838-ல்தான் கிடைத்தது. சாப்பாடு மட்டும் கைமாறிக் கைமாறி இன்றைக்கும் நிற்கிறது. பறக்கும் மீன் கிடைக்காத நாளில் இப்போதும் உப்பு மீன் குழம்புதான் கூக்கூவுக்குத் துணை.

மூன்று பேருக்கான அளவு சொல்கிறேன்.

கூக்கூவுக்கு: மஞ்சள் மக்காச்சோள ரவை 1 கப், பிஞ்சு வெண்டைக்காய் 8, சின்ன வெங்காயம் 4, பூண்டு 2 பல், வெண்ணெய் 2 மேசைக்கரண்டி, உப்பு, தண்ணீர் 4 கப்.

மீனுக்கு: முள் நீக்கிய மீன் துண்டுகள் 6, எலுமிச்சை 1, பெரிய வெங்காயம் 1, தக்காளி 2, குடைமிளகாய் பாதி, கறிமசாலாத்தூள் அரைத் தேக்கரண்டி, வெண்ணெய் 1 மேசைக்கரண்டி.

மசாலாவுக்கு: வெங்காயத்தாள் ஒரு கைப்பிடி, பூண்டு 4 பல், தைம் இலை, மார்ஜோரம் இலை, காரமான மிளகாய் 1, மிளகுத்தூள், எலுமிச்சைச் சாறு.

கடையில் ஒன்றைக் கவனியுங்கள். கார்ன் ஃப்ளார் என்று விற்கும் வெள்ளைத் தூள் வேண்டாம், அது வெறும் ஸ்டார்ச். சப்பாத்திக்கான நைஸ் மக்காச்சோள மாவும் சரிவராது. முதல் தடவை நான் அதில்தான் செய்தேன். பசை மாதிரி ஒட்டிக்கொண்டது, வாயில் வைக்க முடியவில்லை. விரலால் தேய்த்தால் நறநறவென்று தெரிகிற ரவைதான் வேண்டும்.

முதல் படி, ஊறவைத்தல். ரவையை 1 கப் தண்ணீரில் கலந்து அரைமணி நேரம் விடுங்கள். உலர்ந்த ரவையைக் கொதிநீரில் கொட்டினால் கட்டி தட்டும், உள்ளே வேகாமல் நிற்கும். ஊறிய ரவையில் அந்தப் பயம் இல்லை.

இரண்டாம் படி, மீன். பேஜன் வீடுகளில் மீனை உப்பும் எலுமிச்சைச் சாறும் போட்டுக் கழுவாமல் சமைக்கமாட்டார்கள். கழுவி ஈரம் ஒற்றி எடுத்து, மசாலாப் பொருட்களை உப்போடு கொரகொரப்பாக இடித்துத் தடவி, ஊற வையுங்கள். இந்தப் பச்சை மசாலாதான் பேஜன் சமையலின் உயிர். கோழி, மீன் எல்லாவற்றுக்கும் இதைத்தான் தடவுகிறார்கள். அவர்கள் போடும் ஸ்காட்ச் பானெட் மிளகாயில் காரத்தோடு பழவாசனையும் உண்டு. அது கிடைக்காவிட்டால் பச்சை மிளகாய் போதும், வாசனை கொஞ்சம் குறையும்.

என்ன மீன் வாங்குவது? பறக்கும் மீன் நமக்கு அந்நியம் இல்லை. நாகப்பட்டினம் பக்கம் பறவைக் கோலா என்பது அந்தக் குடும்பத்து மீன்தான். மிதக்கும் பொருட்களில் முட்டையிடுவது இதன் இயல்பு. அதனால் கோலாவுக்குப் போகிறவர்கள் தழைக் கட்டுகளைக் கடலில் மிதக்கவிட்டு மீனைக் கூட்டுவார்கள். பார்படோஸ் மீனவர்கள் கரும்புச் சோகையைக் கட்டி மிதக்கவிடுகிறார்கள். இரண்டு கடல்களில் ஒரே உத்தி என்பதை அறிந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கோலாவில் முள் அதிகம், எனவே கடையிலேயே விரித்து முள் எடுத்துத் தரச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் கிழங்கான் வாங்கலாம். அதன் சதையும் வெளுப்பாக, மென்மையாக இருக்கும்.

மூன்றாம் படி, குழம்பு. வெண்ணெயில் நறுக்கிய வெங்காயம், குடைமிளகாய், தக்காளியை வதக்கி, கறிமசாலாத்தூள் சேர்த்து, முக்கால் கப் தண்ணீர் விடுங்கள். ஊறிய மீனைச் சுருட்டி, பிரியாமல் நெருக்கமாக அடுக்குங்கள். மூடி, சிறு தீயில் 8 முதல் 10 நிமிடம். இதை அவர்கள் ஆவியில் வேகவைத்த மீன் என்பார்கள், ஆனால் இட்லிப் பானை தேவையில்லை. மூடிய சட்டியில் குழம்பின் ஆவியிலேயே வேகவேண்டும், அவ்வளவுதான். கரண்டி போட்டுக் கிளறாதீர்கள், மீன் உடைந்துவிடும்.

நான்காம் படி, வெண்டைக்காய்த் தண்ணீர். மீதி 3 கப் தண்ணீரைக் கொதிக்கவைத்து, வட்டமாக நறுக்கிய வெண்டைக்காய், வெங்காயம், பூண்டு, உப்புப் போட்டு 8 நிமிடம் வேகவிடுங்கள். வடிகட்டி, காயைத் தனியாகவும் தண்ணீரைத் தனியாகவும் வையுங்கள். நூல் நூலாக இழுக்கிறதா? சரியான பதம்.

ஐந்தாம் படிக்குத்தான் பொறுமை வேண்டும். அடிகனமான சட்டியில் 1 கப் வெண்டைக்காய்த் தண்ணீரை ஊற்றிச் சூடானதும், ஊறிய ரவையைத் தண்ணீரோடு சேர்த்துச் சிறு தீயில் கிண்டத் தொடங்குங்கள். அங்கே இதற்கென்றே கூக்கூக் குச்சி என்று தட்டையான மரத்துடுப்பு இருக்கிறது. வீட்டில் களித் துடுப்பு இருந்தால் அதுவே போதும். இறுக இறுக அரைக் கப் வெண்டைக்காய்த் தண்ணீர் விட்டு, மறுபடி கிண்டுங்கள். மொத்தத்தையும் ஒரே தடவையில் ஊற்றிவிடாதீர்கள். ரவை ஒவ்வொரு முறையும் குடித்து முடிக்க நேரம் கொடுங்கள். 15 நிமிடத்துக்கு மேல் ஆகும், கை வலிக்கும். வழவழப்புத் தண்ணீரின் பலன் இங்கேதான் தெரியும். வெறும் தண்ணீரில் கிண்டினால் வறட்டுக் களி, இதில் கிண்டினால் தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும். சட்டியின் ஓரத்தை விட்டுச் சுருண்டு வந்ததும் வெந்த வெண்டைக்காயைச் சேர்த்து, வெண்ணெய் பாதி போட்டு, 2 நிமிடம் மூடி வைத்து இறக்குங்கள்.

ஆறாம் படி, பரிமாறுதல். ஒரு கிண்ணத்தில் மீதி வெண்ணெயைத் தடவி, கூக்கூவைப் போட்டு உருட்டிச் சுழற்றித் தட்டில் கவிழ்த்தால் பளபளப்பான உருண்டையாக விழும். நடுவில் கரண்டியால் ஒரு குழி செய்து குழம்பை ஊற்றி, மீனைப் பக்கத்தில் வையுங்கள். அங்கே வெள்ளிக்கிழமைச் சாப்பாடு இது என்பது வழக்கம். சனிக்கிழமைக்கு வேறு: சர்க்கரைவள்ளிக் கிழங்கில் செய்த புட்டிங்கும் எலுமிச்சையில் ஊறிய பன்றி இறைச்சியும். அது தனியாக எழுதவேண்டிய விஷயம்.

சூடாகச் சாப்பிடுங்கள், ஆறினால் கெட்டிப்பட்டுவிடும். மிஞ்சினால் மறுநாள் காலையில் துண்டுபோட்டு, தோசைக்கல்லில் வெண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் முறுக எடுங்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அதற்காகவே கொஞ்சம் மிச்சம் வைக்கச் சொல்கிறார்கள்.