ஆக்சஸிலிருந்து எஸ்கியூஎல் சர்வருக்கு: சத்தமில்லாமல் நடக்கும் தவறுகள்

புதுச்சேரி கடற்கரைப் பக்கம் ஒரு விடுதி. அதன் முன்பதிவு இணையதளம் பழைய ஆக்சஸ் (மைக்ரோசாஃப்டின் சிறிய தரவுத்தள மென்பொருள்) கோப்பில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சனி, ஞாயிறு கூட்டத்துக்குத் திணறுகிறது. கோப்பும் 2 ஜிபி வரம்பை நெருங்கிவிட்டது. சரி, அதே நிறுவனத்தின் பெரிய தரவுத்தளமான எஸ்கியூஎல் சர்வருக்குப் போகலாம் என்று முடிவெடுக்கிறீர்கள். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் மைக்ரேஷன் அசிஸ்டென்ட், டேபிள்களை நகர்த்திவிடும். தளத்தின் நிரலுக்குள் எழுதிவைத்த வினவல்களை, அதாவது தரவை எடுக்கவும் பதியவும் சொல்லும் கட்டளைகளை, அது தொடாது. வில்லங்கம் அங்கேதான்.

முதலில் தமிழ். டேபிளின் நெடுவரிசை எல்லா மொழி எழுத்தையும் ஏற்கும் என்வார்சார் (nvarchar) வகையாகவே இருந்தாலும், வினவலில் மேற்கோள் குறிக்கு முன்னால் 'என்' (N) எழுத்து இல்லையென்றால் 'கண்ணன்' வெறும் கேள்விக்குறிகளாகப் பதிவாகும். திரும்ப மீட்கவே முடியாது. நம்மூரில் இதில் இன்னொரு பொறி: சோதிக்கும்போது மேலே கோடு போட்ட எழுத்துள்ள பிரெஞ்சுப் பெயரைப் போட்டுப் பார்ப்போம். வழக்கமான லத்தீன் கொலேஷனில் (எழுத்துகளைக் கையாளும் அமைப்பில்) அது ஒழுங்காக வந்துவிடும். தமிழும் வரும் என்று நம்பிவிடுவோம். தமிழ்ப் பெயரைப் போட்டுத்தான் சோதிக்க வேண்டும்.

அடுத்து தேதி; தலைவலியே இதுதான். ஆகஸ்ட் 15 ஸ்ரீ அரவிந்தர் பிறந்தநாள், அறைகள் நிரம்பும் நேரம். வினவலில் # குறிகளுக்குள் 15/08 என்று கொடுத்தால், 15-ஆம் மாதம் கிடையாதே என்று ஆக்சஸ் தானே திருப்பிப் படித்துக்கொள்ளும். அமெரிக்க ஆங்கில அமைப்பில் உள்ள எஸ்கியூஎல் சர்வர் எரர் காட்டும். காட்டட்டும், நல்லதுதான். ஆகஸ்ட் 12 என்று நினைத்து 12/08 கொடுத்தால் இரண்டுமே வாய் திறக்காமல் டிசம்பர் 8 என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே பழைய தரவிலேயே தவறு இருக்கலாம். நகர்த்தும் முன் பாருங்கள். புதிதாக எழுதும்போது தேதியைப் பாராமீட்டராக, அதாவது வினவலில் ஒட்டாமல் தனி மதிப்பாக, அனுப்புங்கள். முடியாவிட்டால் 20250812 என எட்டு இலக்கமாக.

சின்னச் சின்னதாகவும் சில உண்டு. ஆக்சஸில் 'ஆம்' என்பது -1, எஸ்கியூஎல் சர்வரில் 1. -1 உடன் ஒப்பிடும் பழைய வினவல் ஒரு வரிகூடத் தராது. சொற்களை ஒட்டும் & குறியை + ஆக மாற்றினால், முகவரியின் இரண்டாம் வரி NULL ஆக (மதிப்பே இல்லாமல்) இருக்கும்போது முழு முகவரியும் காணாமல் போகும்; கான்கேட் (CONCAT) பயன்படுத்துங்கள். அப்புறம், தளத்தை எல்லா அதிகாரமும் உள்ள 'எஸ்ஏ' (sa) நிர்வாகக் கணக்கில் இணைக்கவே வேண்டாம்.

மாற்றும் வேலையை வெள்ளிக்கிழமை வைக்காதீர்கள், செவ்வாய் போதும். முடிந்ததும் பழைய கோப்பை ரீட்-ஒன்லி ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் வரவேற்பில் இருப்பவர் டெஸ்க்டாப்பில் உள்ள பழைய ஷார்ட்கட்டைத் திறந்து அதிலேயே பதிவு போட்டுக்கொண்டிருப்பார்.